முதுகைக் காட்டிச் சோறு போட்டவர்

இரக்கப்பட்டே ஒரு நாயைக் கொல்லப் பார்த்தவன் நான். அத்திபெலே பக்கம் ஒரு நாய்க் காப்பகத்துக்குச் சேவை செய்யப் போயிருந்தேன். முந்தின நாள் மீட்டு வந்த எலும்புக்கூடு ஒன்று என்னையே பார்த்தது. என் மதியச் சாப்பாடு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டது.

டாக்டர் வந்து ஊசி போட்டார். தீனி போடுகிறவர், கோலார் தங்கவயல்காரர், நரைத்த புருவத்தை உயர்த்தினார்.

"இன்னா சார் இது! பட்டினி கெடந்த வயிறு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா, ரெண்டே ஸ்பூன். தேறின அப்புறம்தான் காலைல, சாயங்காலம்னு ரெண்டு வேளை."

பிறகு நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கஞ்சி கொடுத்தார்.

"ஏன் திரும்பி உட்கார்றீங்க?"

"பாத்துனு இருந்தா, புடுங்கிக்குவாங்கன்னு அவசரமா முழுங்கும் சார்."

சுற்றிலும் நாய்கள் உறக்கத்தில் கால்களை உதறி எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. மரநிழல் நகர்ந்தது, அவர் நகரவில்லை. நானும் எப்போதோ கண்ணயர்ந்திருக்கிறேன். விழித்தபோது மஞ்சள் வெயிலில் அது அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மறந்துவிட்டது. அந்த முதுகு மட்டும் இன்னும் கனவில் வருகிறது.

வீட்டில் சொன்னேன். மனைவி சொன்னாள்: "இருபது வருஷத்துல மொத தடவையா ஒருத்தருக்குச் சோறு போட்டிருக்கீங்க. அதுக்கே டாக்டர் வரவேண்டியதாப் போச்சு."