பசுமை மாநாட்டுக்குப் பார்க்கிங்

போன வாரம் ராஜபாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. சுப்பையா அண்ணாச்சி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். மறுநாள் எங்கள் சுற்றுச்சூழல் மாநாடு அங்கேதான்.

"தம்பி, கார் நிறுத்த இடம் பத்தாதுல்லா... முன்னால நிக்குற பெரிய மாமரத்த எடுத்துருவோம்னு ஆள் வரச் சொல்லிட்டேன்."

பின்னால் மெஷின் ரம்பம் உறுமியது.

அந்த மரத்துக்காகத்தானே அந்த இடத்தையே பிடித்தோம்! ஏசி மண்டபம் வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டாம், மர நிழல் போதும் என்று கமிட்டியில் மேஜையைத் தட்டியவன் நான்.

"அண்ணாச்சி, நிப்பாட்டச் சொல்லுங்க!"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பொறவு பேசுதேன்."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். மடவார் வளாகம் கோயில் கிட்டே முன்னால் ஒரு லாரி... வழியே விடவில்லை. அந்த டிரைவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரிய கிளை பிஞ்சும் இலையுமாகத் தரையில் கிடந்தது. ரம்பக்காரர் அடிமரத்துக்கு வந்துவிட்டார். ஓடிப்போய் மரத்தை ஒட்டி நின்றுகொண்டேன்.

"மரம் இருக்குன்னுதான அண்ணாச்சி இங்க வாரோம்!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விசேஷத்துக்கு வந்தவுக வண்டி ரோட்டுல நின்னா எனக்குக் கேவலம்லா? ஆளுக்கொரு கார்ல வருவாகன்னு நீங்கதான சொன்னிய? அம்புட்டையும் எங்க நிறுத்த, என் தலையிலயா?"

அவர் கேட்டது சரிதான். பஸ் வசதி இல்லாத தோப்பைப் பிடித்தது நாங்கள். பாட்டிலைப் பற்றி அவ்வளவு பேசினோமே, காரைப் பற்றி ஒருவராவது வாயைத் திறந்தோமா? நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால், கண் கொஞ்சம் மங்கித்தான் போகிறது. வெட்கமாக இருந்தது.

மரத்தடியை விட்டு நகராமல் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். காரை வீட்டிலேயே விடுங்கள், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இருந்து எல்லோருக்கும் ஒரே வாடகை பஸ் ஏற்பாடு செய்கிறேன் என்று. எல்லோரும் சரி என்றார்கள். சிறப்பு விருந்தினர் மட்டும் இழுத்தார்.

"பஸ்ஸிலா... நானா?"

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பக்காரர் பீடியை அணைத்தார்.

"சார், நீங்க கார்ல வந்தா இங்க ஒரு மாமரம் போயிரும்" என்றேன்.

ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்: "சரி, வரேன்."

அண்ணாச்சி திரும்பினார். "ஏலே, மெஷின கட்டி வைலே."

மறுநாள் மாநாடு அந்த மரத்தடியில்தான் நடந்தது. கிளை போன இடத்தில் மட்டும் சுள்ளென்று வெயில். அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார யாரும் வரவில்லை.

சாயங்காலம் வரை அதில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.