ஆஸ்டினுக்குச் சொல்லிக்கொடுத்தவர்

இன்னாசிராஜ் வெல்டர். அவர் பற்றவைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் குறை தெரியக்கூடாது. ஆலையில் அதற்குப் பேர்போனவர். மகன் ஆஸ்டினை ஊனச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதும் அந்தப் பிடிவாதம் அவரை விடவில்லை.

ஆஸ்டினுக்குப் பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு. கிழமை, சில்லறை, கைலாசபுரம் வீட்டு விலாசம் என்று ஒரு மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆஸ்டின் வெளுத்துக்கட்டினான். குறைபாடு இருபத்தைந்து சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். நாற்பதுக்குக் கீழே என்றால் வரிச்சலுகை கிடையாது.

"பரீட்சையாப்பா அது? இனிமே முழு வரியும் கட்டணும், தெரியுமா?" என்று மகள் லிசி கத்தினாள்.

"கட்டிட்டுப் போறேன். எம்பையன் தேறிட்டான்ல."

இந்தத் தவக்காலத்தில் அவர் போய்விட்டார். அம்மா முன்பே இல்லை. அதே ஆலையில் இன்ஜினியரான லிசியிடம் ஆஸ்டின் வந்து சேர்ந்தான். அவனைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையத்துக்கும் வீட்டுக்கடனுக்குமே சம்பளம் சரியாகப் போனது. வரிக்கணக்கில் தம்பியையும் சார்ந்திருப்பவராகக் காட்டலாம், சான்றிதழ் நாற்பதைத் தொட்டால் போதும் என்றார்கள் கணக்குப் பிரிவில். மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போட்டாள்.

அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது சொல்லிப் பார்த்தாள். "என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுடா."

"தெரியுமேக்கா!"

"தெரிஞ்சாலும்."

"அப்பா திட்டுவாரு."

உளவியலாளர் இன்ஷா பொறுமையாகக் கேட்டார். ஆஸ்டின் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "சரி, அடுத்தது" என்றான். அப்பாவின் அதே இழுவை. அவன் தவறாகச் சொல்ல வேண்டும் என்று லிசி வேண்டிக்கொண்டாள். அந்த "அடுத்தது" இன்னொரு தடவை காதில் விழவேண்டும் என்றும் இருந்தது.

"வீட்ல கேஸ் வாடை வந்தா என்ன செய்வீங்க?"

"சுவிட்சைத் தொடமாட்டேன். ஜன்னலைத் திறப்பேன். அப்பாவைக் கூப்பிடுவேன்."

"அப்பா இல்லைன்னா?"

இதை மட்டும் அப்பா சொல்லிக்கொடுக்கவில்லை.

"வருவாரு."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் நிப்பேன்."

"வெளியிலயா?"

"உள்ளதான். அப்பா உள்ளதானே வருவாரு?"

இன்ஷா தலையைத் தூக்கி லிசியைப் பார்த்தார். பிறகு இன்னும் சில கேள்விகள்.

ஐம்பது என்று வந்தது. கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. லிசி அந்த எண்ணை இன்னொரு தடவை படித்தாள்.

"எத்தனைக்கா?"

"ஐம்பது."

"பாஸா?"

"பாஸ்டா."

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே ஆரம்பித்தாள். "கேஸ் வாடை வந்தா யாரைக் கூப்பிடணும்?"

"அப்பாவை."

"அக்காவைன்னு சொல்லு."

அவன் யோசித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு நன்றாகவே யோசித்தான்.

"அப்பாவை" என்றான்.

அவள் அதட்டவில்லை. அவளைக் கேட்டிருந்தாலும் அதுதான் வாயில் வந்திருக்கும்.