பதினோரு நடைக் கிட்டம்

அஹமது கபீருக்குத் தன் பெயர் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. குவைத்தில் ஒரு பேட்டரிப் பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது, முதலாளிக்கு இந்தியாவிலிருந்து வந்த எல்லோரும் ‘ஹிந்தி’தான். ஊர் திரும்பும்போது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் பஸ் நிலையத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேராவது ‘கபீர் பாய்’ என்று கூப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மற்றவர்கள் பங்களா கட்ட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்த இடத்தில் இவர் கண்ட கனவு இவ்வளவுதான்.

தொண்ணூறில் அங்கே சண்டை மூண்டு, ஒற்றைப் பெட்டியோடு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்தது ஒரு தொழில் மட்டும். நாட்டில் அப்போதுதான் புதுக் காரும் வேனும் பெருகத் தொடங்கியிருந்தன. வண்டி பெருகினால் செத்த பேட்டரியும் பெருகும் அல்லவா? ஒரு தென்னந்தோப்பில் கொட்டகை போட்டார், உலை வைத்தார், பழைய பேட்டரியை உடைத்துக் காரீயத்தை உருக்கி விற்றார். மனைவி நூர்ஜஹானின் தம்பி சித்தீக் கூடமாட நின்றான். லைசென்ஸ் மட்டும் கபீர் பெயரில் இருந்தது. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

தொண்ணூற்றாறில் முதல் தப்பு நடந்தது. பேட்டரிக்குள் இருந்த ஆசிட் தண்ணீரைத் தோப்பு ஓரத்து வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். எல்லோரும் செய்கிறார்களே என்றுதான் கபீரும் விட்டார். மறுநாள் காலை மேய்ச்சலுக்கு வந்த வாத்துகள் நாற்பதுக்கு மேல் கரையில் மல்லாந்து கிடந்தன. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதல் தடவை என்பதால் அபராதத்தோடு விட்டார்கள். வெளியே வந்ததும் வக்கீல் அவரை ஒரு மரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னதுதான் அபராதத்தை விடப் பெரிய தண்டனையாக இருந்தது.

“பாய், இன்னொரு தடவை இதே மாதிரி வந்து நின்னீங்கன்னா அபராதத்தோட போகாது. ஜெயில், அதுவும் வருஷக் கணக்குல. அது மட்டும் இல்ல, உங்க பேரு, ஊரு, செஞ்ச குற்றம் எல்லாத்தையும் பேப்பர்ல போடச் சொல்லலாம். விளம்பரச் செலவும் உங்களுதுதான்.”

ஜெயிலைக்கூடக் கபீரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. டீக்கடையில் பத்துப் பேர் கை மாறிப் படிக்கிற பேப்பரில், தன் செலவிலேயே தன் பெயர் வருவதைத்தான் நினைக்க முடியவில்லை. அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டு ஆசிட்டுக்குத் தொட்டி கட்டினார். உலையில் மிஞ்சும் கிட்டத்துக்கு சிமெண்டுக் குழி கட்டி மேலே தகரம் போட்டார். கிட்டம் என்பது காரீயம் போக அடியில் தங்குகிற கறுப்புக் கசடு, ஆறினால் சரளைக்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். பார்வைக்குச் சாது, உள்ளே அத்தனையும் விஷம்.

இங்கே எங்கள் டெல்டாக்காரர்களின் ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். நெல்லுக்கு இதைப் போல மண் வேறெங்கும் இல்லை என்று மார் தட்டுவோம். ஆனால் ஊர் முழுக்கச் சல்லடை போட்டாலும் ஒரு கூடை சரளை கிடைக்காது. ஐப்பசியில் தெருவில் கால் வைத்தால் செருப்பு சேற்றோடு போய்விடும், கால் மட்டும் திரும்பி வரும். கெட்டியாக எதைக் கண்டாலும் எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஒரு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், செங்கல் துண்டுக்கு ஆறு மாதம் முன்பே சொல்லி வைத்துவிடுவோம்.

தொண்ணூற்றெட்டு புரட்டாசியில் மகள் பர்வினின் பிரசவத்துக்காகக் கபீர் முத்துப்பேட்டை போனார். மருமகன் சவூதியில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு அலைய ஆள் இல்லை. பேத்தி பிறந்து, பெயர் வைத்து, ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார். வந்த மூன்றாம் நாள், அடைமழையில், அல்லிமங்கலத்து ஐயாவு ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்றார். ஆற்றுக்கு அக்கரை ஊர், சின்ன விவசாயி.

தாரை இறக்கி வைத்துவிட்டு ஐயாவு கை கூப்பினார். கறுப்புக் கிராவல் பதினோரு நடை டிராக்டரில் வந்து சேர்ந்ததாம். எத்தனையோ பேரிடம் மனுக் கொடுத்து நடக்காதது பாய் தயவில் நடந்துவிட்டதாம். இனி எங்கள் பிள்ளைகள் சேறு படாமல் பள்ளிக்கூடம் போகும் என்றார். கபீர் வாழைத்தாரையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

சித்தீக்கைப் பிடித்து உலுக்கியதில் அவன் கொஞ்சமும் ஒளிக்கவில்லை. குழி நிரம்பிவிட்டது, அவர்கள் கேட்டார்கள், கொடுத்தேன், ஒரு பைசா வாங்கவில்லை என்றான். தர்மம் செய்துவிட்டு ஏச்சு வாங்குகிறவன் முகம் அவனுக்கு. கபீருக்குக் கோபத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. மூன்று நாள் மழை. தெருவில் பரப்பிய கிட்டம் கரைந்து வாய்க்காலுக்குப் போயிருக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்குப் போயிருக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு அதில்தான் நடந்திருக்கும். இது இரண்டாவது தடவை.

அன்று அவர் சோறு சாப்பிடவில்லை. சும்மா இருந்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது, அதை மறைப்பானேன்? ஊரில் ஒருவருக்கும் தெரியாது, வாழைத்தாரோடு நன்றி வேறு சொல்லியாகிவிட்டது. நூர்ஜஹானிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் தம்பியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். நூர்ஜஹான் தட்டை மூடி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நீங்க ஜெயிலுக்குப் போனா நான் சோறு கொண்டாந்து குடுப்பேங்க. அந்தப் புள்ளைங்க வயித்துல இது போச்சுன்னா நான் எதைக் கொண்டு போய்க் குடுக்கறது?”

மறுநாள் காலை டிராக்டரும் நான்கு ஆட்களுமாகக் கபீர் ஆற்றைத் தாண்டினார். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனார். வேறொரு கம்பெனிக்குப் போக வேண்டிய சரக்கு தவறி இங்கே வந்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு வேறு அனுப்புகிறேன். இப்படிச் சொன்னால் விஷம் என்ற சொல்லே வராது. தெருவில் பரப்பியதை எப்படிச் சுரண்டி எடுப்பது என்பதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

அல்லிமங்கலத்துக்குள் நுழைந்ததும் அவர் பார்த்தது சேறு. பழைய, அசல், முழங்கால் சேறு. தெருவில் ஒரு கறுப்புக் கல் கிடையாது. நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தளம் உண்டு, அறுவடைக் காலம் தவிர மற்ற நாளில் சும்மா கிடக்கும். அதன் நடுவில் பெரிய குவியல் ஒன்று. மேலே இரண்டு தார்ப்பாய்கள், சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கு. கிழக்கே ஒருவரும் மேற்கே ஒருவரும் குடை பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். கிராவலை முதலில் கீழத்தெருவில் போடுவதா மேலத்தெருவில் போடுவதா என்று சண்டை. இருபத்திரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை. தீரும்வரை யாரும் தொடக்கூடாது என்று முடிவாகி, ஒரு தெரு இன்னொரு தெருவை நம்பாததால் இரண்டு தரப்பிலும் காவல். மழையில் ஒரு பிடி கரைந்துபோனாலும் நஷ்டம் என்று தார்ப்பாயும் மணல் மூட்டையும். ஆளுக்கு ஒரு தார்ப்பாய், அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

கபீர் அந்த ஈரத் தளத்திலேயே உட்கார்ந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், அடியில் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. மனிதர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்காக ஒருவர் ஆண்டவனுக்கு நன்றி சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் பொய் எடுபடவில்லை. சரக்கைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறார் என்றதும் இருபத்திரண்டு நாளில் முதல் முறையாக இரண்டு தெருவும் ஒன்றாகிவிட்டது. டிராக்டருக்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். ஐயாவுவின் முகம் சுருங்கிவிட்டது, வாழைத்தார் கொடுத்தவர் அல்லவா? வார்டு உறுப்பினர் ரெங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நாற்று நட்டே நாற்பது வருஷம் சேற்றில் நின்றவர், இந்தச் சேற்றுக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தார்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது என்ன பழக்கம் பாய்? பணக்காரப் பார்ட்டி எவனாவது விலைக்குக் கேட்டானா?”

கபீர் கூட்டத்தைப் பார்த்தார். இதில் யார் வேண்டுமானாலும் நாளைக்கு ஒரு மனு எழுதிப் போடலாம். ஒரு தபால் போதும், கதை முடிந்துவிடும். சொல்லாமல் திரும்பிப் போனால், இன்று இல்லாவிட்டால் நாளை சமாதானமாகி இதைத் தெருவில் பரப்பிவிடுவார்கள்.

“இது கிராவல் இல்லம்மா,” என்றார். “பேட்டரி உருக்கின கிட்டம். விஷம். மழைத்தண்ணி பட்டா வயலுக்குப் போகும், புள்ளைங்க கையில ஒட்டுனா வயித்துக்குப் போகும். நான் ஊர்ல இல்லாதப்போ என் பட்டறையிலேருந்து வந்துருச்சு. ஏற்கெனவே வாய்க்கால்ல ஆசிட்டை விட்டுக் கோர்ட்ல தண்டனை வாங்கினவன் நான். மறுபடி மாட்டுனா ஜெயில். அந்தப் பயத்துலதான் பொய் சொல்லி எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கூட்டத்தில் சிலர் ஏசினார்கள், ஒருவர் கை ஓங்கிக்கொண்டே வந்தார். ரெங்கம்மாள் அவரைத் தடுத்துவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

“இவரை அப்புறம் பாத்துக்கலாம். யாராச்சும் ராவோட ராவா ஒரு கூடை எடுத்துட்டுப் போனீங்களா? இப்பச் சொல்லிடுங்க.”

மேலத்தெருவின் சார்பில் இருபத்திரண்டு நாளும் நியாயம் பேசிய தங்கையன் தலையைச் சொறிந்துகொண்டே தன் வீட்டுக்குப் போய் ஒரு சாக்கு மூட்டையை எடுத்து வந்து வைத்தார். மாட்டுக் கொட்டகைக்குப் போடலாம் என்று எடுத்தாராம். பரப்பினால் கீழத்தெருக்காரன் கண்ணில் பட்டுவிடுமே என்று கட்டிய கட்டு அவிழ்க்காமல் வைத்திருந்தாராம். அந்த நேரத்திலும் சிரிக்காமல் இருக்க ஊரால் முடியவில்லை.

அதற்கப்புறம் வேலை நடந்தது. வெறுங்கையால் தொடக்கூடாது என்று கபீர் கண்டிப்பாகச் சொல்ல, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அள்ளினார்கள். தளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ விடாமல் அவரே உட்கார்ந்து சுரண்டிக் கூட்டினார். கடைசி நடை கிளம்பும்போது ரெங்கம்மாள், ஆபீஸில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். நாங்கள் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். கபீர் கேட்கவில்லை. தஞ்சாவூரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆபீஸில் மதிவதனி என்ற இளம் பொறியாளர் முன்னால் நின்று ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டார். மறுநாளே அல்லிமங்கலத்துக்குப் போய்த் தளத்து மண், வாய்க்கால் தண்ணீர், கைப்பம்புத் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். முடிவு வரப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் கபீர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. பேப்பர் அங்கே கிடக்கும்.

இருபதாம் நாள் கூப்பிட்டனுப்பினார்கள்.

“தண்ணியிலயும் மண்ணுலயும் ஒண்ணும் கலக்கல,” என்றார் மதிவதனி. “அதனால ரெண்டாவது குற்றம்னு உங்க மேல கேஸ் போட முடியாது. கிட்டம் வெளிய போனதுக்கு நோட்டீஸ் வரும், பதில் எழுதுங்க. உலையை மூடச் சொல்லி உத்தரவு போடறேன். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க சார். அந்த ஜனங்க சண்டை போட்டுக்காம இதைப் பரப்பியிருந்தா, நீங்களா வந்து சொன்னீங்கன்னுகூடப் பாத்திருக்க மாட்டேன்.”

அதற்குக் கபீர் அழுதார். ஒரு பெண் பிள்ளைக்கு முன்னால், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உலை மூடியதற்காக இல்லை. மூடல் உத்தரவில் கையெழுத்துப் போடும்போது, லைசென்ஸ் வாங்கிய நாளில்கூட இல்லாத நிம்மதி கையில் இருந்ததாக நூர்ஜஹானிடம் சொல்லியிருக்கிறார். தண்டனை மேல் இருந்த பயம்தான் அவரைப் பொய்யோடு ஆற்றைத் தாண்ட வைத்தது, அந்தப் பயம் இல்லையென்றால் தாண்டியே இருக்க மாட்டார் என்பதும் உண்மை. இதை அவரே ஒப்புக்கொள்வார்.

குழியில் இருந்த கிட்டத்தை வாரியம் காட்டிய இடத்துக்கு அனுப்பினார். சித்தீக் ஷார்ஜாவுக்கு விசா எடுத்துப் போய்விட்டான். கபீர் பாபநாசத்தில் புது பேட்டரி விற்கிற சின்னக் கடை வைத்தார். பழையதை உடைப்பதில்லை, எண்ணி அடுக்கிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

தை பிறந்து சேறு காய்ந்த பிறகு, ஒரு காலை வேளையில் இரண்டு டிராக்டர் நிறைய வல்லத்துச் செம்மண் கிராவல் அல்லிமங்கலத்துக்குப் போனது. ஒன்று கீழத்தெரு முனையிலும் இன்னொன்று மேலத்தெரு முனையிலும், ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்று டிரைவர்களிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் கபீரும் கூடவே போயிருந்தார். இரண்டு தெருவும் தள்ளி நின்று பார்த்ததே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை. ரெங்கம்மாள் மட்டும் வந்து ஒரு பிடி அள்ளினார். விரலால் நசுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

“இது என்ன மண்ணு பாய்?”

“வல்லத்து மண்ணும்மா. வெறும் மண்ணு.”

ரெங்கம்மாள் கையிலிருந்த மண்ணை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா சரி,” என்றார். பிறகு இரண்டு தெருவுக்கும் கேட்கிற மாதிரி மண்வெட்டி எடுத்துவரச் சொல்லிவிட்டு, ஐயாவுவிடம் திரும்பினார். “கபீர் பாய்க்கு முதல்ல ஒரு டீ வாங்கிட்டு வா.”