நெஞ்சுக்குப் பத்து எம்.எம்., தோளுக்கு ஆறு

என் மனைவியை நான் ஒருமுறை எங்கள் வீட்டு நிலைவாசலில் சிக்கவைத்தேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அறைக்கும் கூடத்துக்கும் நடுவே, முன்னாலும் வர முடியாமல் பின்னாலும் போக முடியாமல், இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்தபடி நிஜமாகவே நின்றாள். அவள் மேல் இருந்தது இருபது எம்.எம். கனத்தில் ஃபோம். அந்தக் கனத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான், அதுவும் விரலால் தொட்டுப் பார்த்து.

விரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பேப்பர் வாங்குவது என் வேலை. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் அது எவ்வளவு கனம், எத்தனை ஜி.எஸ்.எம். என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம், மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால் அட்டையின் கனத்தைச் சொல்லுவேன். இந்தப் பழக்கத்தால் பத்திரிகைகள் வருவது குறைந்தது. கர்வம் குறையவில்லை.

மனைவி அரசுப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். ஆண்டு விழாவில் டீச்சர்கள் சேர்ந்து ஒரு ராஜா ராணி நாடகம் போடுவார்கள். பல வருடங்களாக அவளுக்குக் கிடைத்த இடம் திரைக்குப் பின்னால்தான். அசரீரி அவள், இடி அவள், கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரைக் குளம்பும் அவளே. இந்த முறை, வழக்கமாகப் பெண் தளபதியாக வரும் டீச்சர் காரியாபட்டிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டதால் அந்த வேஷம் இவளுக்கு வந்தது. சமையல்கட்டில் குக்கரை எதிரி மன்னனாக வைத்து வசனம் பழகினாள். பருப்பு குழைந்துபோன நாட்களில் போர் நன்றாக நடந்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்வேன்.

தடங்கல் கவசத்தால் வந்தது. வாடகைக்கு வந்த ஃபைபர் கவசம் பழைய தளபதியின் உடம்புக்கு ஏற்றது. இவளுக்கு இரண்டு பக்கமும் கொக்கி எட்டவில்லை. தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒல்லியான கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கச்சிதமாகப் பூட்டிக்கொண்டதாம். கவசம் யாருக்குப் பத்துகிறதோ அவர்தான் தளபதி, வெள்ளிக்கிழமை ஒத்திகையில் முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசியில் மட்டும், "மறுபடியும் கொட்டாங்கச்சிதான் போல" என்றாள். நான் உடனே, கவசம் நான் செய்து தருகிறேன் என்றேன். நான் மாட்டிய அலமாரி விழுந்த நாளன்று பார்த்த அதே பார்வையைப் பார்த்தாள்.

காலண்டர் சீசன் முடிந்து கம்பெனியில் கொட்டாவி விடுவது மட்டுமே வேலையாக இருந்த மாதம் அது. விருதுநகர் பஜாரில் மிளகாய் நெடியைத் தாண்டிப் போனால், செருப்பு, பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் இரண்டு எம்.எம்.மில் இருந்து இருபது வரைக்கும் ஃபோம் ஷீட்டுகளை எடுத்துப் போட்டார். எதற்கு என்று கேட்டார். ஐம்பதை நெருங்கும் ஆள் கவசம் செய்ய என்று எப்படிச் சொல்வது? ஒரு வேலைக்கு என்றேன். பிறகு என் புகழ்பெற்ற விரல்களால் பத்து எம்.எம். ஷீட்டைப் பிடித்தேன். தாள் நசுங்காது. ஃபோம் நசுங்கும். விரலுக்கு நடுவில் அது ஒன்றுமில்லாமல் போயிற்று. சன்னமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி இருபதை வாங்கினேன்.

அது சுருளவே இல்லை. பஸ்ஸில் என்னோடு ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டு வந்தது. "மெத்தை வந்துருச்சு, கட்டில் அடுத்த வண்டியில வருதாண்ணே?" என்று கண்டக்டர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த ஷீட்டில் செய்த கவசத்தின் முடிவுதான் முதலில் சொன்ன நிலைவாசல். அவளைப் பக்கவாட்டில் திருப்பி வெளியே எடுத்த பிறகு, கனத்தில் எதிர்க்கோடிக்கு ஓடினேன். மறுநாள் இரண்டு எம்.எம். அதில் செய்த கவசம் நனைந்த அப்பளம் மாதிரி தொங்கியது. கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தாள். "இந்த ஏப்ரனோட எதிரி நாட்டுக்குப் போயி பரோட்டா போடவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. கணக்கு டீச்சருக்கு வசனத்தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்குச் செய்தியும் வந்தது. இரண்டு கவசங்களையும் தரையில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரில் உட்கார்ந்து அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கரப்பான்பூச்சியப் பாத்திருக்கீகளா?" என்றாள்.

"அடிச்சிருக்கேன்."

"மேல ஓடு ஓடாத் தடிச்சிருக்கும். ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவுல சவ்வு. அந்தச் சவ்வு இல்லேன்னா அது இருந்த இடத்துலயே இருக்க வேண்டியதுதான். நீங்க எனக்கு ஒரே ஓடாப் போட்டுட்டு நடன்னா, நான் எங்கிட்டு நடக்க?"

ராஜாக்களை மனதில் வைத்துத்தான் செய்தேன் என்று நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"ராஜாவெல்லாம் செத்துட்டாக. கரப்பான் இன்னும் இருக்குல்ல."

கவசத்துக்கு ஒரே கனம் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடி விருதுநகருக்குப் போனேன். இந்தத் தடவை விரலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளி லேபில் இருந்து அவள் வாங்கி வந்த வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். நெஞ்சுக்கும் முதுகுக்கும் பத்து எம்.எம். அடித்தாலும் அசையாமல் நிற்க வேண்டிய இடம் அது. தோளுக்கு ஆறு. கை தூக்கும்போது கூடவே எழ வேண்டும், எழுந்ததும் இறங்க வேண்டும். இடுப்புக்கு நான்கு எம்.எம். பட்டைகள், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன் மேல் ஒன்று. ஒதுக்கி வைத்த இரண்டு எம்.எம். வீணாகவில்லை. வெட்டி, பூவும் கொடியுமாக மேலே ஒட்டினேன்.

பத்து எம்.எம். வளைய மறுத்தது. இங்கே என் தொழில் கைகொடுத்தது. அச்சகத்தில் கனத்த அட்டையை அப்படியே மடிக்க மாட்டோம், மடித்தால் வெடிக்கும். முதலில் கோடு போட்டு அழுத்துவோம். அதேபோல ஃபோமின் உள்பக்கத்தில் பிளேடால் பாதி ஆழத்துக்குக் கோடுகள் கீறினேன். காலண்டர் கட்டுக்குப் பிளாஸ்டிக் சுருக்கும் ஹீட் கன்னைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்து, சூடு காட்டி, கேஸ் சிலிண்டரைச் சுற்றிக் கட்டிவைத்தேன். பயப்பட வேண்டாம், காலி சிலிண்டர்தான். ஆறியதும் அவிழ்த்தால் நெஞ்சு வடிவத்தில் அப்படியே நின்றது. செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டி, வெள்ளைப் பசையைப் பூசிக் காயவைத்து, வெண்கல நிறம் அடித்தேன். வீடு முழுக்கச் செருப்புக்கடை வாசனை. சோறு அந்த வாசனையோடுதான் இறங்கியது.

வெள்ளிக்கிழமை, கவசத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற சாக்கில் நானும் ஒத்திகைக்குப் போனேன். தளபதி அரசியின் முன் மண்டியிட்டு, வாளை உருவி எழுந்து நிற்கும் காட்சி. மண்டியிட்டாள். இடுப்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மடங்கின. எழுந்தாள். சத்தமில்லாமல் இறங்கிப் பழையபடி பொருந்தின. தலைமையாசிரியை இன்னொரு முறை செய்யச் சொன்னார். பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இன்னும் ஒரு முறை. கவசம் எங்கேயும் வாய் பிளக்கவில்லை. கடைசியில் கணக்கு டீச்சரே, "போதும் மேடம், அவகளே பண்ணட்டும். எனக்கு முதல் பக்கமே இன்னும் ஏறலை" என்று வசனத்தாளை மேஜையில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால், என் மனைவியைவிட அவருக்குத்தான் நான் பெரிய உதவி செய்திருக்கிறேன்.

ஆண்டு விழா அன்று சிறப்பு விருந்தினருக்கு வெடித்த சரவெடியின் புகை அடங்கியதும் நாடகம் ஆரம்பித்தது. தளபதி வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் கவசம் வெண்கல வார்ப்படம் போல மின்னியது. மூன்றாவது வரிசையில் நான், அவள் திரும்பும்போது "ஆறு" என்றும், குனியும்போது "நாலு" என்றும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவள் மண்டியிட்டு, வாளை உருவி, ஒரே வீச்சில் எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். பின்வரிசைப் பையன்களின் விசில் மேடையை ஆட்டியது. சொந்த டீச்சருக்கு விசிலடித்ததற்காக அவர்களை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய பி.டி. சாரே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு கிட்டத்தட்ட இருபது எம்.எம். விரிந்தது.

கூட்டம் கலைந்ததும், தலைமையாசிரியை தனியாக நிற்கும் சமயம் பார்த்துப் போய் வணக்கம் வைத்தேன். கவசம் செய்தது நான்தான் என்று, அடக்கமாகத்தான், தெரியப்படுத்தினேன்.

"அப்படியா சார்?" என்றார். "டீச்சரு மொறச்சுக்கிட்டு நின்ன நிலையில, கவசத்த யாரு பாத்தா?"