நல்லதுக்குச் சொன்ன காமாலை

பல மாதங்கள் கழித்து மோனிக் வேலைக்குத் திரும்பிய காலையில் எல்லோரும் அவளுக்கு ‘போன்ழூர்’ என்று ஒரு வணக்கம் சொன்னார்கள். அவ்வளவுதான். நேற்று மாலை கைப்பையை மாட்டிக்கொண்டு போனவளுக்குச் சொல்வதைப் போன்ற போன்ழூர். எங்கே போயிருந்தாய், உடம்புக்கு என்ன, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாரிசுக்கு வடக்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நாங்கள் வேலை பார்க்கிறோம். வெந்நீரில் வெளுத்த விரிப்புகள் வெளியே வரும்போது ஆவி கிளம்பி, எதிரில் நிற்பவர் முகம் மறைந்து மறைந்து தெரியும். அந்த ஆவிக்குள் நிற்கும்போது என் மனம் அடிக்கடி ஊருக்குப் போய்விடும். அரசலாற்றின் மேல் மார்கழிப் பனி படுத்திருப்பது தெரியும், பனிக்குள் யாரோ சைக்கிளில் வருவது தெரியும். மோனிக்கும் அப்படித்தான் ஆவிக்குள்ளிருந்து வந்து, விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றாள். மதியம் மணியடித்ததும் கிளம்பிப் போய்விட்டாள். மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு இங்கே டாக்டர் அரைநாள் வேலை எழுதிக் கொடுப்பாராம். குளிர்ந்த குளத்தில் இறங்குகிற மாதிரி முதலில் கால், பிறகு முழங்கால் என்று மெல்ல இறங்கலாம். நல்ல ஏற்பாடுதான் என்று வியந்துபோனேன்.

எங்கள் ஊரில் அதற்கு எழுத்தில் ஏற்பாடு கிடையாது, பெயரும் கிடையாது. எழுபதுகளில், நான் தலத்தெருவில் கல்யாணத்துக்குக் காத்திருந்த நாட்களில், என் அண்ணனுக்கு இதே நோய் வந்தது. அண்ணன் பெயர் ஆரோக்கியசாமி. பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார்கள். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. ஒருநாள் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் சட்டையும் போடவில்லை. சாப்பாடு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா, “சனி பிடிச்சிருக்குங்க, திருநள்ளாறு கூட்டிட்டுப் போய் நளதீர்த்தத்துல ஒரு முழுக்குப் போட வைங்க” என்றார்கள். அம்மா மாதா கோயிலில் நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டே, ஒரு கிண்ணம் நல்லெண்ணெயை அந்த அக்காவிடம் கொடுத்தனுப்பினார்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது அம்மாவின் கட்சி. வேலை போய்விட்டால் வீடு நடக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு வேலையைவிட வழிதான் பயம். தலத்தெருவிலிருந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் நிறுத்திக் கேட்பார்கள்!

அந்த நேரத்தில்தான் இராமலிங்கம் சார் வந்தார். அண்ணனோடு வேலை பார்ப்பவர், கோவில்பத்துக்காரர். எங்கள் வீடு அவருக்குச் சுற்றுவழி. ஆனாலும் தினம் காலையில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, மணியை அடித்து, “வாங்க ஆரோக்கியம், இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு, அப்படியே போவோம்” என்பார். அண்ணன் வரமாட்டார். சார் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, “சரிங்கம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று போய்விடுவார். ஒரு காலையில் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். “என்ன சார், ஆளையே காணும்? உடம்புக்கு என்ன?” அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சார் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. “மஞ்சக்காமாலைங்க. இப்பத்தான் இறங்கியிருக்கு” என்றார்.

அந்த ஒரு சொல்லில் ஊர் சமாதானமாகிவிட்டது. காமாலை என்றால் மரியாதையான நோய், வீட்டுக்கு வீடு வருவது. ஆபீஸ் பியூன் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி இலையில் மடித்துக் கொண்டுவந்தார். டைப்பிஸ்ட் அம்மா தினமும் மோர் கொண்டுவந்தார்கள். டீக்கடையில் பஜ்ஜி கேட்டால், “உங்களுக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாதுங்க” என்று தட்டைத் தூரத் தள்ளிவைத்தார்கள். காமாலைக்காரன் களைப்பாக இருப்பான் என்று அதிகாரி அவர் மேஜைக்குக் காகிதமே அனுப்பவில்லை. அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார், பிறகு ஒன்றிரண்டு காகிதம் பார்த்தார், பிறகு ஒருநாள் எதற்கோ சிரித்தார். இல்லாத நோய்க்கு மருந்து குடித்தே என் அண்ணன் வேலையில் நிலைத்தார். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் எனக்கு இராமலிங்கம் சாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இப்போது நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும். ஒருநாள் விரிப்பை மடிக்கும்போது இரண்டு முனைகளும் சேர, அருகில் வந்த மோனிக் தணிந்த குரலில் சொன்னாள்: “இந்த முறை வேலையை விட்டு நின்றுவிட்டால் நான் மறுபடி எழுந்து வரமாட்டேன்.” அவள் கண்ணில் என் அண்ணன் பார்த்த சுவர் தெரிந்தது. அதே வாரம் காப்பி நேரத்தில் எங்களோடு வேலை பார்க்கும் ஜோசியான் என்பவள், மதியத்தோடு போகிறவளுடைய வேலையையும் நாம்தான் செய்கிறோம், அப்படி என்னதான் அவளுக்கு என்று என்னிடம் முணுமுணுத்தாள். எனக்குள் இராமலிங்கம் சார் சைக்கிளில் வந்துவிட்டார். “ழோனிஸ்” என்றேன். மஞ்சள் காமாலை. ஜோசியான் மோர் கொண்டுவரமாட்டாள் என்றாலும் ஐயோ பாவம் என்றாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவினாள்.

இங்கே காமாலை என்றால் தொற்றுநோய். அதுவும் நோயாளிகளின் விரிப்பை மடிக்கிற இடத்தில்! ஜோசியான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மறுநாள் காலையில் மோனிக்கை மாடி அலுவலகத்துக்கு அழைத்து, ரத்தப் பரிசோதனை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அவள் ஒன்றும் புரியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நேரே மேற்பார்வையாளர் அம்மாளிடம் ஓடினேன். நான் சொன்னது பொய், அவள் மானத்தைக் காப்பாற்றச் சொன்னேன் என்று என் அரைகுறை பிரெஞ்சில் கொட்டினேன். அந்த அம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தார். “எந்த மானம்? அவளுக்கு மனச்சோர்வு, தெப்ரெஸியோன். டாக்டர் கொடுத்த தாளிலேயே எழுதியிருக்கிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?” நியாயமான பேச்சு. எங்கள் ஊரில் யாரும் சொல்லியிராத பேச்சு. தாளில் எழுதியிருந்ததைப் பற்றி நீங்கள் யாராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கேட்க நினைத்தேன், அதற்குப் பிரெஞ்சு வரவில்லை. அந்த அம்மாளே தொலைபேசியில் பேசிப் பரிசோதனையை ரத்து செய்தார், நாளையே வரலாம் என்று மோனிக்குக்கும் சொன்னார். மறுநாள் மோனிக் வரவில்லை.

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது இங்கே எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியாதவள் அல்ல. கதவு சங்கிலியோடு கொஞ்சம் திறந்தது. “யார் உன்னை அனுப்பியது?” என்றாள். யாரும் அனுப்பவில்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. அந்தக் கதவிடுக்கு வழியாகவே காமாலைக் கதையை முழுக்கச் சொன்னேன். அண்ணன், சைக்கிள், கீழாநெல்லி, பஜ்ஜி எல்லாம். பஜ்ஜிக்கு வந்தபோது சங்கிலிக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. சிரிப்பு முடிந்து அழுகையாக மாறியது. நானும் அழுதேன், பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் மட்டும் எரியும் படிக்கட்டு விளக்கு அணைந்து போகப் போக நான் கைநீட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. இனி அடிக்காதே” என்றாள் கடைசியில். பிறகு, “உன் அண்ணன் வெளியே வராத நாட்களில் அந்த நண்பர் என்ன செய்தார்?” என்று கேட்டாள்.

“நின்றார்” என்றேன். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

இன்று காலை அவள் வீட்டுக்கு எதிரே நடைபாதையில் நின்றேன். பனிமூட்டத்தில் தெருவே கரைந்து கிடந்தது. அழைக்காமல் வாசல்வரை வந்தது எங்கள் ஊர் வழக்கம். மணியில் கைவைக்காமல் நிற்பது இவர்கள் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னை, இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்தால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். என் பஸ் வந்தது, போகவிட்டேன். மேலே மூன்றாம் மாடியில் சன்னலில் விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் ஒரு நிழல் வந்து, கீழே பார்த்து, நகர்ந்தது. கை விறைத்துப்போய், சரி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தமிழில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது சன்னல் விளக்கு அணைந்தது. அவள் மறுபடி படுத்துவிட்டாளா, படியிறங்குகிறாளா என்று தெரியாமல் நின்றேன். படிக்கட்டு விளக்கு எரிந்தது.