பூ மார்க்கெட்டில் இறங்கிய பெப்டைடு

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மருந்து கொண்டுபோகும் பெப்டைடை வடிவமைப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அமினோ அமிலங்களைச் சரியான வரிசையில் கோத்துவிட்டால், அந்தச் சிறு சங்கிலி மருந்தைச் சுமந்துகொண்டு செல்லுக்குள் நுழைந்து, சொன்ன வாசலில் இறங்கும். இறங்க வேண்டும். கருத்தரங்குகளில் இதை ‘முகவரி எழுதும் வேலை’ என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

இரண்டு வருடம் கணினியில் வரைந்த சங்கிலியை வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் அனுப்பியது. சூடு பட்டால் கெட்டுவிடும். மறுபடி செய்து வாங்க ஆய்வேட்டுக்கான கெடு இடம் தராது. மாதமோ சித்திரை, ஊரோ திண்டுக்கல்.

மதியம்வரை பெட்டி வரவில்லை. கூரியர்காரரை அழைத்தேன்.

“அப்பவே பூ மார்க்கெட்ல குடுத்துட்டேனேக்கா.”

“அட்ரஸ்ல யுனிவர்சிட்டின்னுதான போட்டிருக்கு?”

“ஐஸ் பெட்டிக்கா. நம்மூர்ல ஐஸ் பெட்டின்னா பூக்காரவுகதான.”

என்னவொரு ஆராய்ச்சி முடிவு. ஒரு முகவரியைக்கூடப் படிக்கத் தெரியாதா என்று இருபது நிமிடம் திட்டினேன். அவர் பொறுமையாகக் கடை நம்பரைச் சொன்னார். பிறகு பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

பூக்கடைக்காரர் நிதானமாக மல்லிகை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை எடுத்தார்.

“ஐஸ் கரைஞ்சு போயிருந்துச்சு பாப்பா, ரெண்டு கட்டி போட்டு வச்சேன். உள்ள ஒத்தப் பூவக் காணோமே?”

“மருந்துண்ணே.”

“இம்புட்டூண்டு தூளா?”

பெட்டிக்குள் பெப்டைடுத் தூள் இருந்த குப்பி சில்லென்று இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் ஒரு முழம் பூ கொடுத்தார்.

அடுத்த வாரம், ஒளிரும் சாயம் ஏற்றிய பெப்டைடை செல்களில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். செல்லுக்குள் நுழைந்திருந்தது. நுழைந்ததும் முதலில் கிடைத்த குட்டிப் பைகளில் அடைந்துகொண்டு, சொகுசாக மினுங்கிக்கொண்டிருந்தது. மைட்டோகாண்ட்ரியா பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

“உள்ள வந்திருச்சும்மா,” என்றார் என் வழிகாட்டி, ஆறுதலாக.

வந்திருந்தது. பூ மார்க்கெட் வரைக்கும்.

அவமானமாக இருந்தது. கூரியர்காரர் ஐஸைப் பார்த்து ஏமாந்தவர். என் சங்கிலிக்கோ முகவரியின் ஒவ்வொரு எழுத்தையும் நானே யோசித்து எழுதியிருந்தேன். அன்று மாலை அவரை அழைத்து, அன்றைக்கு அப்படித் திட்டியதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

“அட விடுங்கக்கா,” என்றார். “உங்க அட்ரஸ்ல ஒரு தப்பும் இல்ல.”