கம்ப்யூட்டரில் ஒரு ரோஸ் தாள்

பிள்ளைகளா, கம்ப்யூட்டரில் நிரப்புகிற ஃபாரத்துக்கு அப்பா எதற்கு ரோஸ் கலரிலும் மஞ்சள் கலரிலும் பக்கம் போட்டிருக்கிறார் என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பட்டாசுக் கம்பெனிகளுக்கு விலைப்பட்டியல், லேபிள், ஆர்டர் புக் எல்லாம் நம் கடையில் வடிவமைத்துக் கொடுக்கிறோம். அதில் பெரிய வாடிக்கை தாயில்பட்டி அண்ணாச்சி. இந்த வருஷம் சீசன் தொடங்குமுன் அவரே கடைக்கு வந்துவிட்டார்.

“ஏலே, இனிமே ஆர்டர் புக்கு வேண்டாம். வெளியூர்ப் பார்ட்டிக கம்ப்யூட்டர்லயே நிரப்பி அனுப்புற மாதிரி ஒரு ஃபாரம் வேணும். முடியலன்னா இப்பவே சொல்லிரு. மருமகன் சென்னைல ஒரு கம்பெனி பாத்து வச்சிருக்கான்.”

“முடியும் அண்ணாச்சி” என்றேன். எப்படி என்று தெரியாது. ஃபாரம் சென்னைக்குப் போனால் பின்னாலேயே விலைப்பட்டியலும் லேபிளும் போகும், அப்புறம் நான் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அது மட்டும் தெரிந்தது.

மென்பொருள் தேட ஆரம்பித்தேன். நல்லதெல்லாம் மாத வாடகை. நமக்கோ சீசனுக்குச் சீசன்தான் வேலை. ஒன்று இலவசம் என்றது, செய்து முடித்தால் பக்கத்துக்குக் குறுக்கே தன் பெயரைச் சாம்பல் நிறத்தில் அடித்து வைத்திருந்தது. இன்னொன்று எல்லா வேலையையும் செய்யவிட்டு, சேமிக்கிற நேரத்தில் கார்டு நம்பர் கேட்டது. பந்தி முடிந்து கை கழுவும்போது பில் நீட்டுகிற மாதிரி.

கடைசியில் பார்த்தால், நான் கடிதம் அடிக்க வைத்திருந்த இலவச மென்பொருளிலேயே நிரப்பும் கட்டம் போடுகிற வசதி இருந்தது. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவே இல்லை.

அச்சு வேலையில் ஒரு கட்டத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டு, மீதியை நகலெடுத்து வரிசையாக ஒட்டுவோம். அதே கைப்பழக்கத்தில் பட்டியல் முழுக்க ஒட்டிவிட்டு, உங்கள் அம்மாவை நிரப்பிப் பார்க்கச் சொன்னேன்.

“ஏங்க, சாட்டைக்கு அஞ்சு பெட்டி போட்டேன். பூச்சட்டி அஞ்சு, சக்கரம் அஞ்சு, லட்சுமி வெடி அஞ்சு. எல்லாத்துலயும் அஞ்சு நிக்குது! ஃபாரம் செய்யச் சொன்னா வியாபாரத்தயே பெருக்கிக் குடுக்குறீகளே!”

விஷயம் இதுதான்: ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தால், ஒன்றில் அடிப்பது எல்லாவற்றிலும் விழும். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தேன். உங்களுக்குக்கூட நான் அவ்வளவு யோசித்துப் பெயர் வைக்கவில்லை.

தாயில்பட்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லாம் சரிலே. ரோஸ் எங்க?”

“அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர்ல...”

“இருக்கட்டும். நம்ம ஆர்டர் புக்குல மூணு தாளு. வெள்ளை பார்ட்டிக்கு, ரோஸ் குடோனுக்கு, மஞ்சள் ஆபீசுக்கு. ரோஸ் தாளப் பாக்காம குடோன்ல ஒரு பெட்டி லோடு ஏறாது. ரோஸ் இல்லாத ஃபாரத்த வச்சு நான் என்ன செய்ய? ரெண்டு நாள் பாக்கேன். இல்லன்னா மருமகன்கிட்ட சொல்லிருதேன்.”

பைக்கில் திரும்பும்போது மனசே சரியில்லை. வழியில் டீக்கடையில் நிறுத்தி, டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மாவின் அந்த ஐந்து பெட்டிச் சாட்டை ஞாபகம் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளைப் பக்கத்தை அப்படியே இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றுக்கு ரோஸ், ஒன்றுக்கு மஞ்சள். இந்த முறை உள்பெயர்களை மாற்றவில்லை. வெள்ளையில் சாட்டைக்கு ஐந்து அடித்தேன். ரோஸிலும் மஞ்சளிலும் அதே இடத்தில் ஐந்து வந்து நின்றது. இடையில் கார்பன் தாள்கூட இல்லை.

“பழைய வியாதி திரும்ப வந்துருச்சா?” என்றாள் அம்மா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“நானாத்தான் வர வச்சேன்” என்றேன்.

மறுநாள் அண்ணாச்சி ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பினார். பக்கத்தைத் தள்ளி ரோஸைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், திரும்ப ரோஸுக்கு வந்தார்.

“ரோஸ் கொஞ்சம் வெளுத்திருக்குலே. நம்ம புக்குல இருக்கிற ரோஸப் போடு. அப்படியே விலைப்பட்டியலும் ஆரம்பிச்சிரு.”

அவ்வளவுதான். மருமகன் பேச்சே எடுக்கவில்லை.

கடைக்கு வந்து, தனியாக உட்கார்ந்து, அந்த இலவச மென்பொருளைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. அங்கே யாருக்குத் தமிழ் தெரியுமோ! இருந்தாலும் தமிழிலேயே அடித்தேன்: “உங்களால் ஒரு பெரிய வேலை கைவிட்டுப் போகாமல் நின்றது. ரொம்ப நன்றி. சிவகாசிப் பக்கம் வந்தால் கடைக்கு வாங்க, டீ சாப்பிடலாம்.” ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, அனுப்பு என்கிற இடத்தில் தட்டினேன்.